நெஞ்சுப் படபடப்புக்கு எந்த மனநலச் சோதனை? மூன்று எழுதினேன், மூன்றும் வேறு வேறு சொல்கின்றன

காலடிப்பேட்டைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன், வயது 34. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினொரு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி, அதன் எண், சீல் எண் எல்லாவற்றையும் கேட் சீட்டோடு ஒத்துப் பார்த்துப் பதிய வேண்டும். ஒரு பெட்டிக்கு நான்கு எழுத்து, ஏழு இலக்கம். பத்து வருடத்தில் ஒரு இலக்கம் நான் மாற்றிப் போட்டதில்லை. இந்த ஐந்து மாதத்தில் நான்கு முறை மாற்றிப் போட்டுவிட்டேன். அதில் ஒரு முறை லாரி எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் ராத்திரி முழுக்க நின்று, கேட் வரை போய், பெட்டி எண் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது. டிரைவர் அண்ணன் அன்று காலை பத்து மணிக்குத்தான் டீ குடித்தார்.

எங்கள் நைனா போன ஐப்பசியில் மாரடைப்பில் தவறிவிட்டார். அன்று நான் யார்டு பக்கத்தில் தோழி வீட்டில் தங்கியிருந்தேன், மழை. ராத்திரி 2.10க்குப் பெரியப்பா மகன் போன் செய்தான். அன்றிலிருந்து போன் அடித்தால் போதும், பட்டப்பகலில் அடித்தாலும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது. எடுத்துப் பேசி முடித்தபிறகும் அடங்கப் பத்து நிமிடம் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது. முதல் மெட்ரோ போகும் சத்தம் கேட்கும்போதுதான் மறுபடி கண் சொருகுகிறது.

சரி, என்னவென்று தெரிந்துகொள்வோம் என்று இணையத்தில் சோதனைகள் எழுதினேன்.

ஒன்று பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்வி, 27க்கு 14 வந்தது. "மிதமான மனச்சோர்வு" என்றது. கணக்குக்காரி என்பதால் எதற்கு எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறேன்: தூக்கம் 3, அசதி 3, கவனம் 3, சாப்பாடு 2, மனம் சோர்ந்திருப்பது 1, என் மேலேயே எனக்குக் கோபம் 1, நிலைகொள்ளாமல் இருப்பது 1. மற்ற இரண்டும் பூஜ்யம்.

இரண்டாவது, பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி (கவனக்குறைவும் நிலைகொள்ளாமையும் சேர்ந்த கோளாறு) சோதனை. அறிகுறிகள் வலுவாக இருக்கின்றன என்று வந்தது. மூன்றாவது, நிறையக் கேள்வி கேட்டு நான்கு எழுத்து கொடுத்தது, நான் எந்த வகை ஆள் என்று. நான்காவதாக இன்னொரு தளம். 25 கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு, முடிவைப் பார்க்க 299 ரூபாய் கட்டு என்றது. கட்டவில்லை. ஆனால் போன் நம்பர் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் ஐந்து முறை போன் செய்தார்கள். ஐந்து முறையும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

எனக்கு இருப்பது எது? நான் எந்தச் சோதனையை எழுதியிருக்க வேண்டும்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மனநல டாக்டர் என்று வாயெடுத்தாலே "கீழ்ப்பாக்கமா?" என்று உட்கார்ந்துவிடுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி:

அக்கா, நான் கல்லூரியில் உளவியல் இரண்டாம் ஆண்டு. தனித்தனியாக எழுதி அலையாமல் டாஸ்-21 எழுதுங்கள். 21 கேள்வியில் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் தனித்தனியாக அளக்கும், ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்வி. ஆஸ்திரேலியாவில் உருவாக்கியது, காசு கிடையாது. கூட்டியபிறகு இரண்டால் பெருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். 42 கேள்வி இருந்த பெரிய சோதனையின் சுருக்கம் அது, அதனால்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெருக்காமலே விட்டுவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ராயபுரம் சிஸ்டர்:

மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் ஓய்வு பெற்ற செவிலி. கடைசி ஆறு வருடம் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி.யில்தான் இருந்தேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தாள்களை நிரப்ப வைப்பது என் வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதற்கு டிக் போடுவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 14. மொத்தத்தை விடுங்கள், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நீங்களே பிரித்து எழுதியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. அந்தத் தாளின் உயிர் முதல் இரண்டு கேள்வியில் இருக்கிறது: எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது, மனம் சோர்ந்து நம்பிக்கையற்றுப் போவது. மனச்சோர்வு நோய் என்று சந்தேகப்பட, அந்த இரண்டில் ஒன்றாவது பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு இரண்டும் சேர்த்தே 1. மீதி 13இல் 11 தூக்கம், அசதி, கவனம், சாப்பாடு. மாதக்கணக்கில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் யாருக்கும் அது வரும். சோதனை தப்பு இல்லை மா. நீங்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டுமோ அதைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

ஏ.டி.எச்.டி சோதனையும் அப்படித்தான். அது கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. உங்களுக்கு அந்த ஆறு மாதம் நைனா போன பிறகு உள்ள ஆறு மாதம். ஆனால் ஏ.டி.எச்.டி என்பது சின்ன வயதிலேயே, 12 வயதுக்கு முன்னாலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். பத்து வருடம் ஏழு இலக்கத்தில் ஒன்றைக்கூட மாற்றாமல் எழுதிய பெண்ணுக்கு 34 வயதில் அது புதிதாக முளைக்காது. அந்த நான்கு எழுத்துச் சோதனை குணத்தைப் பற்றியது. நோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஓரமாக வையுங்கள்.

அப்புறம், எதை எழுதுவது? ஓ.பி.யில் நான் செய்ததைச் சொல்கிறேன். தாளைக் கொடுப்பதற்கு முன்னால் "என்ன பண்ணுது, உங்க வாயால சொல்லுங்க" என்பேன். எது முதலில் வாயில் வருகிறதோ, அதற்கான தாளைத்தான் எடுப்பேன். நீங்கள் முதலில் எழுதியது இலக்கம் மாறிப் போனது. ஆனால் விரிவாக, நிமிடக் கணக்கு வரைக்கும் எழுதியது போன் அடித்தால் வரும் படபடப்பு. "எதுவும் பிடிக்கவில்லை" என்று ஒரு வரியும் இல்லை. "அழுகிறேன்" என்றும் இல்லை. அதனால் உங்களுக்கு ஜி.ஏ.டி-7. பதற்றத்துக்கானது, ஏழே கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, பதினைந்திலிருந்து கடுமையானது. பத்து வந்துவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே கிடைக்கிறது. காசும் கிடையாது, போன் நம்பரும் கேட்காது. கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏழு கேள்வியில் நெஞ்சுப் படபடப்பு என்றே ஒரு கேள்வி இல்லை. கவலையை நிறுத்த முடிகிறதா, உடம்பைத் தளர்த்தி உட்கார முடிகிறதா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயமா, எரிச்சல் வருகிறதா, இந்த மாதிரிதான் கேட்கும். நம் ஊர் ஜனங்கள் மனசில் உள்ளதை நெஞ்சிலும் வயிற்றிலும்தான் சொல்வோம். "பதற்றமாக இருக்கிறதா" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லைங்க" என்பார்கள். "வயித்துல ஏதோ கலக்குதா" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வருவார்கள், மகன் கடலுக்குப் போன நாளில் எல்லாம் வயிறு இழுத்துப் பிடிக்கும். ஏழு கேள்விக்கும் "இல்லை" என்றே சொன்னார்கள். நானும் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டே போனேன். கடைசிக் கேள்வியில் பேனாவை வைத்துவிட்டு, "மகன் போட் திரும்புற வரைக்கும் வீட்டுல என்ன பண்ணுவீங்க" என்று கேட்டேன். "வாசப்படியிலயே உக்காந்திருப்பேன், சோறு இறங்காது" என்றார்கள். மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தோம். 13 வந்தது.

அதனால் தாளின் பின்பக்கத்தில் படபடப்பைத் தனியாக எழுதுங்கள். எப்போது வருகிறது, எத்தனை நிமிடம், மூச்சு முட்டுகிறதா, வாரத்தில் எத்தனை முறை. டாக்டருக்கு மார்க்கைவிட அது உதவும். படபடப்பும் தூக்கமின்மையும் இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்வார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி நெஞ்சு அடிக்கும், தூக்கம் போகும், எரிச்சல் வரும். ரத்தம் குறைந்திருந்தாலும் படபடக்கும். இணையத்தில் உள்ள எந்தக் கேள்வித்தாளுக்கும் அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும்போது எழுதாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாக் கேள்விக்கும் "தினமும்" என்றுதான் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து, பதினான்கு நாளையும் மனசில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தம்பி சொன்ன டாஸ்-21 நல்ல சோதனைதான். எது நோவு என்று சொல்லவே தெரியாமல் வருகிறவர்களுக்கு அது சரி. ஆனால் அது போன ஒரு வாரத்தை மட்டும் கேட்கும். உங்களுக்கு நோவு எதுவென்று தெரிந்திருக்கிறது மா.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. பி.எச்.கியூ-9இல் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். மொத்தம் 4 வந்தாலும் சரி, அன்றே ஒருவரிடம் பேசுங்கள். 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழில் பேசலாம்.

டோல்கேட் கிரேன்:

சிஸ்டர் சொன்னதோடு என் கதையையும் போடுகிறேன், யாருக்காவது உதவும். நான் கிரேன் ஆபரேட்டர், வயது 41. தூக்கம் கெட்டுப்போய், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். நானும் மனச்சோர்வுச் சோதனைதான் எழுதினேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இத எழுதிட்டு அத எழுதாம விட்டா எப்படி" என்றாள். அவள் சொன்னது குடி பற்றிய சோதனை, ஆடிட் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, பத்துக் கேள்வி, 40 மார்க். 8 வந்தாலே கவனிக்க வேண்டிய குடி என்று அர்த்தம்.

நான் எழுதினேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடிப்பேன், அதற்கு 3 மார்க். குடிக்கும் நாளில் எவ்வளவு என்று கேட்டதற்கு, ஒரு குவார்ட்டர்தானே என்று "1 அல்லது 2" போட்டேன். அதற்கு 0. ஒரே நேரத்தில் ஆறும் அதற்கு மேலும் குடிப்பதுண்டா என்றால், "இல்லவே இல்லை", அதற்கும் 0. முதல் மூன்று கேள்வியில் 3 மட்டும். எனக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிட்டேன்.

பிறகு பார்த்த ஆலோசகர் அம்மாதான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம். அந்தச் சோதனை ஒரு அளவு என்று சொல்வது 10 கிராம் சாராயத்தை. ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம். அதாவது ஆறு அளவு. "நீங்க ஒண்ணுனு நெனச்சது ஆறுங்க" என்றார். அப்படிப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு 2, மூன்றாவதுக்கு 3. மூன்று கேள்வியிலேயே 8 ஆகிவிட்டது, இன்னும் ஏழு கேள்வி பாக்கி.

தங்கச்சி, இது உங்களுக்கு இல்லை, உங்களை மாதிரி தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வரும் ஆண்களுக்கு. தூக்கம் இல்லை, கோபம் வருகிறது என்றால் முதலில் ஆடிட் எழுதுங்கள், குவார்ட்டரை ஆறாக எண்ணி எழுதுங்கள். நான் குறைத்து நான்கு மாதம் ஆகிறது. தூக்கம் வந்த பிறகுதான் மீதி என்ன இருக்கிறது என்று டாக்டரால் பார்க்க முடிந்தது. திடீரென்று தானாக நிறுத்திவிட வேண்டாம், தினமும் குடிப்பவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

வியாசர்பாடி அம்மு:

கைக்குழந்தையோடு இருப்பவர்கள் பி.எச்.கியூ எழுதிப் பயந்துவிட வேண்டாம் என்று சொல்ல வந்தேன். தூக்கம் இல்லை, அசதி, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு மாதக் குழந்தை வைத்திருக்கும் யாருக்கும் மார்க் ஏறும். பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வுக்கென்றே எடின்பரோ சோதனை ஒன்று இருக்கிறது, 1987இல் வந்தது. பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாள், 30 மார்க். உடம்பு அசதியைக் கணக்கில் எடுக்காமல், சிரிக்க முடிகிறதா, காரணம் இல்லாமல் பயமா, உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா என்று கேட்கும். தூக்கத்தைக்கூட, "மனசு சரியில்லாததால் தூங்க முடியவில்லையா" என்றுதான் கேட்கும். என் மகனுக்கு 40 நாள் ஆனபோது தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு சிஸ்டர் எழுத வைத்தார். 16 வந்தது. எனக்கு அப்போது அது தேவைப்பட்டது. அந்தச் சோதனையிலும் பத்தாவது கேள்வி உயிரைப் பற்றியது, ராயபுரம் சிஸ்டர் சொன்னதுதான் அதற்கும்.

காலடிப்பேட்டைக்காரி:

சிஸ்டர், ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதினேன். மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். ஜி.ஏ.டி-7, மொத்தம் 15. "ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம்" என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. இத்தனை நாள் போன்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். அம்மா குளிக்கப் போய்க் கதவைத் தாழ் போட்டால், தண்ணீர்ச் சத்தம் நிற்கும் வரை நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்று போட்டேன்.

நீங்கள் சொன்ன மாதிரி பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பழைய டாலி தாளின் முதுகில் கோடு போட்டு, தேதி, மணி, எத்தனை நிமிடம், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நான்கு கட்டம். திங்கள் 3, செவ்வாய் 5, புதன் 2. மூச்சு முட்டுவது ஒரு முறைதான், மற்றதெல்லாம் நெஞ்சு மட்டும். புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தபோது நேரம் பார்த்து எழுத வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்தேன், அன்று ஆறு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

பி.எச்.கியூ-9இல் ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன் என்று சொன்னேன் இல்லையா, அது உண்மைதான் சிஸ்டர்.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். கீழ்ப்பாக்கம் இல்லை, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கும் தைராய்டுக்கும் காட்டிவிட்டு, அங்கேயே மனநலப் பிரிவிலும் ஒரு சீட்டுப் போடப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருதுடி, நீ தூங்கட்டும்னு கண்ண மூடிட்டுப் படுத்திருக்கேன்" என்றார். ஏழு மாதமாக ஒரே அறையில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைக்கு லீவ் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு 63. அவருக்கு எந்தத் தாள் சிஸ்டர்?

ராயபுரம் சிஸ்டர்:

வயதானவர்களுக்கென்றே ஜி.டி.எஸ் என்று ஒரு மனச்சோர்வுத் தாள் இருக்கிறது மா, பதினைந்து கேள்வி, ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும். தமிழில் உண்டு. கடந்த ஒரு வாரத்தைக் கேட்கும். நீங்கள் வாசியுங்கள், அவர் சொல்லட்டும். பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் "நைனாவ பத்தி எதாவது சொல்லணுமாம்மா" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு உட்காருங்கள். புருஷன் போய் ஏழு மாதத்தில் விழித்திருப்பதை எல்லாம் நோய் என்று எழுதிவிட முடியாது. அதை டாக்டர் பிரித்துப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்குப் போனால் வரிசை நீளும். பழைய மாத்திரைச் சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டாலி தாளை மறக்க வேண்டாம். அம்மாவுக்கும் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள்.